ஐம்பது கஜத் தண்ணீர்

நீச்சலில் வேகம் வருவது எப்படி என்று கேட்கிற பையன்களுக்கு நான் சொல்லும் பதில் யாருக்கும் பிடிப்பதில்லை. தண்ணீரை அடிக்காதே என்பேன். தலையைத் தூக்காதே என்பேன். கோபப்படாதே என்பேன். கடைசியில் சொன்னதைக் கேட்டு என் வீட்டிலேயே சிரிப்பார்கள். பால்காரனோடும் தபால்காரனோடும் தினம் சண்டை போடுகிறவன் நான். ஆனால் கோபமே இல்லாமல் நான் இருந்த நிமிஷங்களும் உண்டு. அவை எல்லாம் தண்ணீருக்குள் கழிந்தவை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தாலும் ஒரு மணி நேரம் தேறாது.

அப்போது நான் திருவனந்தபுரத்தில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். வீடு கரமனை அக்ரஹாரத்தில். அப்பா சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. மெட்ராஸில் பல காலேஜ்கள் கலந்துகொள்ளும் நீச்சல் பந்தயத்துக்கு எங்கள் காலேஜிலிருந்து நாலு பேரை அனுப்பப்போவதாக அந்த வருஷம் சொன்னார்கள். ஆளுக்கு ஐம்பது கஜம். ஒருவன் நீந்திப் போய்த் தொட்டதும் அடுத்தவன் குதிக்க வேண்டும். ஃப்ரீஸ்டைல் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. எப்படி வேண்டுமானாலும் நீந்தலாம் என்று அர்த்தம். ஆனால் வேகமாகப் போக நினைப்பவன் ஒரே மாதிரிதான் நீந்த வேண்டும்: குப்புறக் கிடந்து, கையை மாற்றி மாற்றிப் போட்டு, காலைத் துடுப்பு மாதிரி உதைத்து.

ஓண விடுமுறை முடிந்ததும் தேர்வு வைத்தார்கள். நான் ஐந்தாவதாக வந்தேன்.

இதைவிடக் கேவலமான இடம் கிடையாது. பத்தாவதாக வந்தவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கலாம். ஐந்தாவதாக வந்தவனுக்குச் சோறு இறங்காது. நாலாவது ஆளுக்கும் எனக்கும் நடுவே ஒரு ஆள் நீளம் இருந்தது. டிரில் மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "முதல் மூணு பேர் உறப்பு. நாலாமத்தேதுக்கு துலாமழை விட்டதும் ஒருக்கால் கூடப் பார்க்கலாம்" என்று மலையாளமும் தமிழுமாகச் சொன்னார். முதல் மூன்று பேர் நிச்சயம், நாலாவது இடத்துக்கு ஐப்பசி மழை விட்டதும் இன்னொரு தேர்வு. அவர் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் அன்றோடு விட்டிருப்பேன்.

எனக்கு மெட்ராஸ் வேண்டியிருந்தது. மெட்ராஸ் ரயில் தாண்டிப்போகும் ஆரியங்காவு மலைக்கு அந்தப் பக்கம் நான் போனதே இல்லை. அதைவிட அந்த நாலாவது இடம் வேண்டியிருந்தது. அதுவரை எந்த விஷயத்திலும் என்னைப் பார்த்து ஒருவரும் 'இவன் வரட்டும்' என்று சொன்னதில்லை. படிப்பில் நடுவில் இருப்பேன். கிரிக்கெட்டில் பந்து பொறுக்குவேன். பாட்டு வராது. கல்யாண வீட்டில் பந்தி பரிமாறக்கூட என் தம்பியைத்தான் கூப்பிடுவார்கள், நான் முகத்தைக் கடுப்பாக வைத்துக்கொள்வேன் என்று.

நாலாவதாக வந்தவன் தெற்கே விளவங்கோட்டுப் பக்கத்து ஆள். வேதக்காரக் குடும்பம், அதாவது கிறிஸ்தவர்கள். அவன் அப்பாவுக்குக் கொஞ்சம் வயலும் வாழையும். குளத்திலும் சானல் என்கிற வாய்க்காலிலும் எருமைகளோடு கிடந்து நீந்தப் பழகியவன். ஹாஸ்டலில் தங்கியிருந்தான். வகுப்பில் எல்லாரும் மலையாளம் பேசும்போது நாங்கள் இரண்டு பேரும் தமிழில் பேசுவோம். தண்ணீரை வெள்ளம் என்கிற அவன் தமிழ் எனக்குப் பாதி புரியாது, என் தமிழைக் கேட்டால் அவனுக்குச் சிரிப்பு வரும். என்னைச் 'சாமி' என்று கூப்பிடுவான். மரியாதைக்கு இல்லை.

தேர்வு நடந்த அன்று நான் கரையேறி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"சாமி, அங்ஙன வெள்ளத்துல என்ன செய்தீரு? வேட்டி துவைச்சீரா?"

"போடா."

"இல்ல, அத்தன சத்தம் கேட்டுது. நான் எவனோ முங்கிச் சாகான்னுல்லா நெனச்சேன்."

அவனை அடிக்கலாம் என்று தோன்றியது. எழுந்து நிற்கச் சக்தியில்லாததால் அடிக்கவில்லை.

*

தேர்வு நடந்தது ஊருக்கு வடக்கே இருந்த ஒரு பழைய வெட்டுக்கல் குளத்தில். குளம் ஐம்பது கஜத்துக்குக் கொஞ்சம் கூடுதல். அதனால் மறுகரைக்கு முன்னால் ஒரு தென்னந்தடியைக் குறுக்கே மிதக்கவிட்டு இரண்டு பக்கமும் கயிற்றால் கட்டியிருந்தார்கள். தடியைத் தொட்டால் முடிந்தது. சிவப்புக் கல் படிகளிலிருந்து பார்த்தால் தடி கைக்கெட்டும் தூரம் போலத் தெரியும். தண்ணீருக்குள் இறங்கிவிட்டால் அது வேறு ஊரில் இருக்கும்.

அந்தக் குளம் தினமும் கிடைக்காது. எனக்குக் கரமனை ஆறு இருந்தது. மறுநாள் விடியற்காலையிலிருந்து ஆற்றில் இறங்கினேன். வேகம் வேண்டுமென்றால் பலம் வேண்டும் என்பது என் எண்ணம். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. புத்தகமும் கிடையாது. ஒழுக்குக்கு, அதாவது நீரோட்டத்துக்கு, எதிராக நீந்தினேன். கையை எவ்வளவு வேகமாகச் சுழற்ற முடியுமோ அவ்வளவு வேகமாகச் சுழற்றினேன். தண்ணீர் என்னை வேண்டுமென்றே பிடித்து இழுப்பதாக நினைத்து அதை அடித்தேன். வீட்டில் தண்டால் எடுத்தேன். ஊறவைத்த கொண்டைக்கடலை தின்றேன். ஒரு மாதம் கழித்து டிரில் மாஸ்டர் கடிகாரத்தைப் பிடித்துப் பார்த்தபோது முன்னைவிட மெதுவாகப் போயிருந்தேன்.

இதை நம்பாதவர்கள் நீந்திப் பார்க்கட்டும். தண்ணீரிடம் பலத்தைக் காட்டினால் அது அந்தப் பலத்தை அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளும். திருப்பித் தராது.

ஆனால் அந்த ஒரு மாதத்தில் ஒன்று நடந்தது. ஒருநாள் கை ஓய்ந்துபோய், இனி முடியாது என்று ஒழுக்கோடு திரும்பினேன். புரட்டாசி முடிகிற சமயம். ஆற்றின்மேல் பனிப்புகை ஒரு முழ உயரத்துக்கு நின்றது. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு, கைகளைப் போட வேண்டுமே என்று போட்டுக்கொண்டு வந்தேன். கண்ணைத் திறந்திருந்தேன். கீழே மணல் பச்சையாக இருந்தது. வெளிச்சம் நூல் நூலாக இறங்கி மணலில் அசைந்தது. சின்ன மீன்கள் என்னைக் கண்டு ஓடவில்லை, ஒதுங்கி நின்றன. என் கை எனக்கு முன்னால் போய் இறங்குவதை, யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தேன். அது இறங்கியது. ஏதோ ஒன்றைப் பிடித்தது. நான் அதைத் தாண்டிப் போனேன். சத்தம் இல்லை. காதுக்குள் ஒரு ரீங்காரம், சங்கைக் காதில் வைத்ததுபோல. இந்த ஆறு இப்படியே கடல்வரைக்கும் போனால் நானும் போவேன் என்று இருந்தது. மூச்சு முட்டியதும் தலையைத் தூக்கினேன். எல்லாம் போய்விட்டது. கால் கீழே இறங்கியது. பாலத்தின்மேல் ஒரு மாட்டுவண்டி போய்க்கொண்டிருந்தது. கரையில் யாரோ ஜபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் வழக்கம்போலக் கோபமாக இருந்தேன்.

அந்தச் சில கஜங்கள்தான் எனக்கு முதலில் கிடைத்த வேகம் என்று அப்போது எனக்குத் தெரியாது. சோர்வு என்று நினைத்தேன்.

*

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போவதாக ஹாஸ்டலில் சொல்லிவிட்டு அந்த விளவங்கோட்டுக்காரன் கரமனைக்கு நடந்து வந்துவிட்டான். சர்ச்சுக்குப் போவதையும் அவர்கள் கோவிலுக்குப் போவதாகத்தான் சொல்வார்கள். எங்கள் தெருக் கடவில் அவன் இறங்கக் கூடாது. குளிக்கும் துறையைத்தான் எங்கள் ஊரில் கடவு என்போம். வேதக்காரனும் இறங்கக் கூடாது, இன்னும் எத்தனையோ பேர் இறங்கக் கூடாது. அது அந்தக் காலத்து ஒழுங்கு. ஒழுங்கு என்று சொல்லவே எனக்கு வாய் கூசுகிறது. அதனால் பாலத்துக்குக் கீழே, வண்ணார் கல்லையும் தாண்டி, மணல் திட்டு இருக்கும் இடத்துக்குப் போனோம்.

"நீந்தும், பாக்கட்டு" என்றான்.

நீந்தினேன். திரும்பி வந்தேன். அவன் இடுப்பளவு தண்ணீரில் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தான்.

"சாமி, நீரு மூச்சை எங்க விடுதீரு?"

"எங்கே விடறதா? மூக்காலேதான்."

"அது இல்லவே. எப்ப விடுதீரு? தலைய வெளிய எடுத்த பொறவா?"

"பின்னே?"

"மூச்ச விடவும் அப்பம், எடுக்கவும் அப்பமா?"

"ஆமாம்."

"சரியாப் போச்சு. அதான் ஒவ்வொரு மட்டம் தலை பொங்கும்போதும் காலு கல்லு கெட்டுன மாதிரி தாந்து போவுது. மூச்ச வெள்ளத்துக்குள்ளேயே ஊதிக் களையணும். பொறவு பைய ஒரு சைடா வாயத் திறந்தாப் போரும், காத்து தானா உள்ள வரும். தலைய எதுக்குத் தூக்கணும்? எங்க, முகத்த முக்கிட்டு ஊதும்."

முகத்தை முக்கினேன். ஊத வேண்டும் என்று நினைத்தேன். உதடு திறக்கவில்லை.

மறுபடியும் முக்கினேன். நெஞ்சு முட்டியது. மூக்கு அடைத்துக்கொண்டது. வாய் பூட்டுப் போட்டதுபோல இருந்தது. தலையை வெளியே எடுத்துத்தான் விட்டேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் காரணம் எனக்குப் புரிந்துவிட்டது.

எங்கள் தெருவில் ஆற்றில் துப்புவது பாவம். மூக்கைச் சிந்துவது பாவம். வாய் கொப்பளித்தால் கரையேறி மண்ணில் கொப்பளிக்க வேண்டும். ஒருவர் குளிக்கும் படிக்கு அடுத்த படியில் இன்னொருவர் அதே தண்ணீரைக் கையில் எடுத்து மந்திரம் சொல்லி உறிஞ்சுவார். அதற்கும் அடுத்த படியில் ஒரு மாமி சுவாமி பூஜைக்குச் செம்பில் மொண்டுகொண்டிருப்பாள். அதில் எச்சில் படலாமா? நாலு வயதில், வாய் நிறையத் தண்ணீரை எடுத்து ஆற்றிலேயே ஊதி விளையாடியதற்காக முதுகில் பட்டை பட்டையாக வாங்கியிருக்கிறேன். தெருப் பிள்ளைகள் எல்லாருமே வாங்கியிருக்கிறோம். அதன்பிறகு எங்களில் ஒருவனும் தண்ணீருக்குள் வாயைத் திறந்ததில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்குவோம், வெளியே வந்து மூச்சை விடுவோம். கரமனை அக்ரஹாரத்தில் எத்தனையோ பேருக்கு நீச்சல் தெரியும். தண்ணீருக்குள் மூச்சு விடத் தெரிந்தவன் ஒருவன்கூட இல்லை.

அவனிடம் சொன்னேன்.

"எங்க ஊருல எருமை என்னெல்லாமோ செய்யும் வெள்ளத்துல. நாங்க அதுக்க பக்கத்துலதான் கெடப்போம்" என்றான்.

*

ஆற்றில் முடியவில்லை. அறிவு சொன்னது, வாய் கேட்கவில்லை. ஆற்றை எச்சில் பண்ணாமல் எப்படிப் பழகுவது என்று இரண்டு நாள் யோசித்து, யாருக்கும் தோன்றாத ஒரு முட்டாள்தனத்தைச் செய்தேன். எங்கள் வீட்டில் கிணற்றடிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பித்தளை அண்டாவில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார்கள். வீட்டுக்குள்தானே, ஆறு இல்லையே என்று, அதில் முகத்தை முக்கி ஊதிப் பார்த்தேன். முதலில் ஒரு குமிழி வந்தது. பிறகு இரண்டு. பிறகு தொண்டையிலிருந்து ஒரு சத்தத்தோடு மூச்சு முழுவதும் தண்ணீருக்குள் போயிற்று. எனக்கு இருந்த சந்தோஷத்தில் நாலைந்து தரம் ஊதினேன். அண்டா கொதிப்பதுபோலக் கொப்பளித்தது. நிமிர்ந்து பார்த்தால் அம்மா நின்றுகொண்டிருந்தாள். மறுநாள் எங்கள் வீட்டில் திவசம். அவள் விடியற்காலையில் மடியாக இறைத்து வைத்த தண்ணீர் அது.

"என்னடா பண்றே?"

"மூச்சு விடறேன்."

"மூச்சு விடறதுக்கு உனக்கு அண்டா வேணுமா?"

"பந்தயத்துக்கும்மா. தண்ணிக்குள்ளே ஊதணும். ஆத்துலே ஊதினா எச்சலாயிடுமேன்னு..."

அம்மா என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. அழுவதா அடிப்பதா என்று அவள் யோசித்திருக்க வேண்டும்.

"அசடே, ஆறு ஓடறது. நீ ஊதினதை அது கொண்டுபோயிடும். அண்டா எங்கேடா ஓடும்? இதைக் கவுத்து, புளி போட்டுத் தேச்சு, திரும்பவும் நான்னா எறைக்கணும்?"

"நான் எறைச்சுத் தரேன்."

"நீ தொட்டா மடியில்லே. போ, கண்ணுலே படாதே. ஊதணும்னா கடவுக்குக் கீழே எங்கேயாவது போய் ஊதிக்கோ. கேட்டயா? மேலே ஊதாதே."

அன்று ராத்திரி சாப்பாட்டின்போது அப்பா, "மெட்ராஸைப் பாக்கணும்னா உன் சித்தி பொண்ணு கல்யாணத்துக்குப் போனாப் போறாதா? நீந்திண்டே போகணுமா?" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா சொன்னது எனக்குப் போதுமானதாக இருந்தது. ஆறு ஓடுகிறது. இத்தனை வருஷம் அந்த ஆற்றில் குளித்த எனக்கு அது தோன்றவில்லை.

*

அதன்பிறகு தினமும் பாலத்துக்குக் கீழே போனேன். ஞாயிற்றுக்கிழமைகளிலும் காலேஜ் இல்லாத நாட்களிலும் அவன் வருவான். சொல்லித் தருவதாக அவன் எண்ணவில்லை. பக்கத்தில் நீந்திக்கொண்டு என்னைக் கேலி செய்தான், அவ்வளவுதான். கேலியில் எல்லாம் இருந்தது.

"கைய ஓங்கி யாரை அடிக்கப் போறீரு? சாளரத்துக்குள்ள கைய விட்டு என்னத்தயோ எடுக்குத மாதிரி பைய விடும்."

"முட்டு மடக்காம காலை அடியும். தொடையில இருந்து வரணும். சைக்கிள் சவட்டுதீரா?"

"கைய குறுக்க போடாதயும். ஒரு ஆளு நேரே போவணும்னா நேரேதான் போடணும். பாம்பு மாதிரி வளஞ்சு வளஞ்சு போனா ஐம்பது கஜம் எழுபதாவும்."

ஒருநாள் நான் மறுபடியும் ஆத்திரத்தோடு தண்ணீரை அடித்துக்கொண்டு போனபோது என் காலைப் பிடித்து நிறுத்தினான்.

"சாமி, கோவம் வருதுன்னா கரையில இருந்து கோவப்பட்டுட்டு வாரும். வெள்ளத்துல ஒறங்கணும். கைய்யும் காலும் வேல செய்யட்டு. நீரு ஒறங்கும்."

தூங்கச் சொன்னான். நான் அதைச் செய்து பார்த்தேன். ஐப்பசியில் துலாமழை பெய்து ஆறு கலங்கி ஓடிய நாட்களில் நீந்த முடியாது. மழை விட்டுத் தெளிந்த காலைகளில் நீந்தினேன். மூச்சைத் தண்ணீருக்குள் விட்டேன். குமிழிகள் கன்னத்தின் வழியாக, காதின் வழியாக உருண்டு பின்னால் போவது கூச்சமாக இருந்தது. முகத்தைத் திருப்பினால் ஒரு கண் தண்ணீருக்குள்ளும் ஒரு கண் வெளியேயும் இருந்தது. ஒரு கண்ணில் பச்சை, ஒரு கண்ணில் வானம். தென்னை ஓலைகள் தலைகீழாகத் தொங்கின. வாயின் ஓரத்தில் தண்ணீர் பள்ளமாகி நின்று எனக்குக் காற்றுக்கு இடம் விட்டது. மறுபடியும் முகத்தை உள்ளே வைத்தால் உலகம் மூடிக்கொண்டது.

அந்த நாட்களில் எனக்கு வயது இல்லை. வீடு இல்லை, பரீட்சை இல்லை. என் உடம்பு நீளமாகிக்கொண்டே போவதுபோல இருக்கும். முன்னால் போன கை இன்னும் போய்க்கொண்டே இருக்கும். பின்னால் உதைக்கும் கால் வெகு தூரத்தில், யாரோ ஒருவர் அக்கரையில் உதைப்பதுபோலக் கேட்கும். நான் மெதுவாகப் போவதாகத்தான் நினைப்பேன். கரையிலிருக்கும் பூவரச மரம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிடும். என்ன இது, மரம் நகர்ந்துவிட்டதா என்று பார்ப்பேன். வேகமாகப் போகும்போது அது தெரியாது என்பதை அப்படித்தான் கண்டுபிடித்தேன். வேகமாகப் போவதாக எப்போது தோன்றுகிறதோ அப்போது ஏதோ தப்பாகச் செய்கிறோம்.

இன்னொன்றையும் அவன்தான் கண்டுபிடித்தான். ஐம்பது கஜத்துக்கு எத்தனை மூச்சு வேண்டும் என்று எண்ணினான். அவனுக்கு ஆறு தேவைப்பட்டது. எனக்கு மூன்று போதுமாக இருந்தது.

"அதென்ன மறிமாயம்?" என்றான்.

மறிமாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. சின்ன வயதிலிருந்து வாயை மூடிக்கொண்டு முங்கிப் பழகியவன் நான். மூச்சை அடக்க எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒவ்வொரு தரம் முகத்தைத் திருப்பும்போதும் கொஞ்சம் வேகம் குறைகிறது. ஆறு தரம் குறைவதைவிட மூன்று தரம் குறைவது மேல். அதைச் சொன்னபோது அவன் தலையாட்டினான். அந்த நிமிஷத்தில் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எனக்கும் தெரிந்தது. மணல் திட்டில் உட்கார்ந்து உடம்பு காய வைத்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"நான் உன்னைத் தாண்டிட்டா என்ன பண்ணுவே?"

"தாண்டும். யாரு பிடிச்சா?"

"நீ வராம இருந்திருந்தா நான் இப்பவும் வேட்டி துவைச்சுண்டிருப்பேன். உனக்கு நாலாவது இடம் நிச்சயம்."

"அது செரிதான்."

"அப்புறம் எதுக்கு வந்தே?"

"நீரு நீந்துனதப் பாத்துட்டு இருக்க முடியல்ல" என்றான். "ஒருத்தன் தென்னையில தலைகீழா ஏறுதான்னா சும்மா இருக்க முடியுமா? ஒரு வாக்கு பறஞ்சுதானே ஆவணும்." பிறகு, வேறு எதையோ சொல்வதுபோலச் சொன்னான்: "எங்க அம்மைக்கு எழுதியாச்சு, மெட்ராஸ் போறேன்னு. அவ ஊரு பூரா சொல்லிட்டா."

விட்டுக்கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியது என்று எழுதினால் நன்றாக இருக்கும். பொய்யாக இருக்கும்.

*

மழை விட்டது. டிரில் மாஸ்டர் சொன்னபடி ஒரு சனிக்கிழமை காலையில் எங்கள் இருவரையும் மட்டும் வெட்டுக்கல் குளத்தில் நிறுத்தினார். முதல் மூன்று பேரும் படியில் உட்கார்ந்திருந்தார்கள். குளம் நிறைந்து கடைசி இரண்டு படிகள் மூழ்கியிருந்தன. தென்னந்தடியைக் கயிறு நீட்டிக் கட்டியிருந்தார்கள்.

விசில் ஊதினதும் குதித்தேன். தண்ணீர் குளிர்ந்திருந்தது. மேலே வந்து முதல் கையைப் போட்டபோது பழைய ஆத்திரம் ஒரு நொடி வந்தது. நெஞ்சுக்குள் வந்ததை அப்படியே ஊதிவிட்டேன். குமிழிகள் காதை உரசிக்கொண்டு போயின. அதன்பிறகு எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் கனவில் பார்த்ததுபோலத்தான் இருக்கிறது. குளத்துக்கு அடி தெரியவில்லை. கீழே கரும்பச்சை, அதற்கும் கீழே கறுப்பு. அந்தக் கறுப்பின்மேல் நான் தொங்கிக்கொண்டிருந்தேன். முதல் மூச்சுக்கு முகத்தைத் திருப்பியபோது அவனைப் பார்த்தேன். வலது பக்கத்தில், தோள் அளவுக்கு எனக்கு முன்னால், வெள்ளைக் குமிழிகளுக்கு நடுவே. அவன் முகம் தண்ணீருக்குள் அமைதியாக இருந்தது. தூங்குகிறவன் முகம். இரண்டாவது மூச்சுக்குத் திரும்பியபோது எங்கள் இரண்டு முகங்களும் நேருக்கு நேர் இருந்தன. அவன் கண் திறந்திருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அசையாமல் கிடக்க, குளம் எங்களுக்கு அடியில் பின்னால் ஓடுவதாக எனக்கு இருந்தது. மூன்றாவது மூச்சு எடுத்தேனா என்று தெரியவில்லை. விரல் சொரசொரப்பான ஒன்றில் மோதியது. தென்னந்தடியின் நார் நகத்துக்குள் ஏறியது.

தலையைத் தூக்கினேன். சத்தமெல்லாம் திரும்பி வந்தது. படியில் இருந்தவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். அவன் எனக்குப் பக்கத்தில் தடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"கேறு, கேறு" என்றார் டிரில் மாஸ்டர். கரையேறியதும் என்னைச் சுட்டி, "நாலாமன் இவன்" என்றார். "ஒரு கை. கஷ்டிச்சு ஒரு கை வித்தியாசம்."

அவன் தலையைத் துவட்டிக்கொண்டே, "சாமி, கொளத்தப் பூரா எச்சலாக்கிட்டீரே" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

*

ரயிலுக்குப் பத்து நாள் இருந்தது. அவன் இனி வரமாட்டான் என்று நினைத்தேன். திங்கட்கிழமையே வந்துவிட்டான். தினமும் வகுப்புக்கு முன்னால் அத்தனை தூரம் நடந்து வந்தான்.

"மெட்ராஸ்ல உமக்கு முன்னால யாராவது போவான். அவனைப் பிடிக்கணும். நான் முன்ன போறேன், நீரு பிடியும்" என்றான்.

மணல் திட்டிலிருந்து பூவரச மரம்வரை ஐம்பது கஜம் அடி வைத்து அளந்தான். முதலில் அவன் குதிப்பான், கொஞ்சம் பொறுத்து நான். நான் பிடிப்பேன். எல்லா நாளும் பிடித்தேன். அவன் வேண்டுமென்று விடுகிறான் என்று எனக்குச் சந்தேகம் வந்தது. கடைசி நாள் காலையில், "இன்னிக்கு ரெண்டு பேரும் ஒண்ணாக் குதிக்கலாம். நீ விடாதே. விட்டா எனக்குத் தெரியும்" என்றேன்.

"விடல்ல" என்றான்.

வெயில் ஆற்றின்மேல் சாய்வாக விழுந்திருந்தது. ஒன்றாகக் குதித்தோம். அன்று நான் நீந்தியதுபோல அதற்கு முன்னும் பின்னும் நீந்தியதில்லை. எல்லாம் தானாக நடந்தது. தண்ணீர் எனக்கு வழி விட்டு வழி விட்டு மூடியது. இரண்டே மூச்சு எடுத்தேன். இரண்டு தரமும் அவனைப் பார்த்தேன். முதல் தரம் அவன் முகம் என் முகத்துக்கு நேரே. இரண்டாவது தரம் அவன் முகம் இல்லை. அவன் இடுப்பு இருந்தது.

பூவரச மரத்தின் வேரைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பாலத்தின்மேல் யாரும் இல்லை. வண்ணார்கள் இன்னும் வரவில்லை.

"நீதான்" என்றேன்.

"ஆமா."

"எவ்வளவு?"

"ஒரு கைக்கு மேல இருக்கும் சாமி." சிரிக்கவில்லை. "நானும் மூணு மூச்சாக் கொறைச்சுப் பாத்தேன். செரியா வருது."

என்னிடமிருந்து அதை எடுத்துக்கொண்டிருந்தான். நான் அவனிடமிருந்து எடுத்தது அதைவிட அதிகம். டிரில் மாஸ்டர் வீடு சாலைக் கடைத்தெருவில், கால் மணி நடை. போய், 'இவன் என்னைவிட வேகம், இவனை அனுப்புங்கள்' என்று சொல்லியிருக்கலாம். அவர் கேட்டிருப்பாரா என்பது வேறு விஷயம். அவன் என் முகத்தைப் பார்க்காமல் வேரில் ஒட்டிய பாசியை விரலால் சுரண்டிக்கொண்டிருந்தான். நான் சொல்வேனா என்று காத்திருந்தானா, சொல்லிவிடப் போகிறேனே என்று பயந்தானா, எனக்குத் தெரியாது. கேட்கவில்லை.

"வண்டி எப்பம்?" என்றான்.

"நாளைக்குக் காலம்பற."

"செரி. கையைக் குறுக்க போடாதயும்."

ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பாலத்தைப் பார்த்து நடந்தான்.

மறுநாள் தம்பானூர் ஸ்டேஷனில் ரயில் ஏறினது நான்தான்.